எட்டும் ஒன்பதும்

ஆத்தங்குடியில் பஸ் இறங்கும்போது மணி பத்தேகால்.
பட்டறையில் கண்ணாடிப் பலகைமேல்
யாரோ சாயம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஆபீஸ் அறையில் வெள்ளையப்பன்
மானிட்டர் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்,
உட்கார்ந்தால் இன்னும் ஏதாவது போய்விடும் என்பதுபோல.

"எல்லாம் போச்சும்மா, பத்து வருஷ மெயில்.
கோயம்புத்தூர் ஆர்க்கிடெக்ட்
கரும்பச்சைக்குச் சரின்னு எழுதினது அதுலதான் இருக்கு.
இப்பக் கிளிப்பச்சை கேட்டேங்கிறான்.
மூவாயிரத்து இருநூறு கல்லு அடுக்கிக் கிடக்கு."

இடம் அடைக்கிறதென்று
இன்பாக்ஸைத் துடைத்தவன் செபஸ்டின்.
குப்பைத்தொட்டியையும் காலி செய்திருக்கிறான்.
கடைசியில் தண்டர்பேர்ட் ஒரு கேள்வி கேட்டதாம்:
கோப்பைச் சுருக்கட்டுமா?
அதற்கு மட்டும் பயந்துபோய்
வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறான்.

தம்பி, நீ பயந்தது நல்லதாய்ப் போச்சு என்றேன்.
அவன் நம்பவில்லை.

முதலில் நகல். எப்போதும் முதலில் நகல்.
மூன்றரை ஜிபி என் ஹார்டு டிஸ்க்குக்கு வந்து சேர
இரண்டு டீ ஆனது.

பிறகு அந்தக் கோப்பை
வெறும் எழுத்தாகத் திறந்தேன்.
உள்ளே கடிதங்கள் தனித்தனியாக இல்லை,
ஒரே நீளச் சுருள்,
ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் நாலு இலக்கம்.
ஒன்று என்றால் வாசித்தது.
எட்டு என்றால் அழித்தது.
வாசித்து அழித்திருந்தால் ஒன்பது.
கடிதம் எங்கும் போவதில்லை.
அழிப்பது என்றால் இங்கே
எட்டைக் கூட்டுவது, அவ்வளவுதான்.

ஐந்தொகை தெரிந்தவர், உடனே பிடித்துக்கொண்டார்:
"அப்ப எட்டைக் கழிச்சாப் போதுமா?"

போதும். சுருக்காத வரைக்கும் போதும்.

ஒன்பதுகள் ஆயிரக்கணக்கில்:
லாரி வாடகை, சிமெண்ட் பாக்கி, பொங்கல் வாழ்த்து,
மார்ச் நாலாம் தேதி கோயம்புத்தூரிலிருந்து
'கரும்பச்சையே இருக்கட்டும், மாதிரியில் உள்ளபடி.'
அப்போதுதான் வெள்ளையப்பன் உட்கார்ந்தார்.

வெறும் எட்டுகள் முப்பத்தேழு.
யாரும் திறக்காமலே அழிந்தவை.
வைரஸ் இருக்கலாமென்று
அவற்றை ஒருமுறை கண்ணால் பார்ப்பது என் வழக்கம்.

இருபத்திரண்டாவதில் என் பெயர்.

ரா. செந்தாமரைச்செல்வி, பி.சி.ஏ.
ஆபீஸ் உதவியாளர் வேலைக்கு.
2015 ஜூன். காரைக்குடி, செக்காலையில்
ஷிப்ட் பட்டன் உட்கார்ந்துபோன கீபோர்டில்
அரைமணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து அடித்தது.
அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்,
இரண்டாம் வரியில் ஒரு வினைச்சொல் தப்பு.

பதில் வரவில்லை.
ஏன் வரவில்லையென்று எனக்குத் தெரிந்திருந்தது.
ஒன்பது வருடமாகத் தெரிந்திருந்தது.
அந்த வினைச்சொல்லுக்குப் பயந்தே
இங்கிலீஷில் கடிதம் எழுதுவதை விட்டேன்,
பில் புத்தகம்கூடத் தமிழில் அச்சடித்தேன்.

இப்போதும் அது அங்கேதான் இருந்தது, தப்பாகவே.
வாசித்துச் சிரித்தவர் ஒருவரும் இல்லை.
0008.

எதிரே வெள்ளையப்பன்
ஆர்க்கிடெக்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.
குரலில் பழைய தெம்பு.

ஒன்பதெல்லாம் ஒன்றானது.
எட்டெல்லாம் சைபர் ஆனது,
என்னுடையதும் சேர்த்து.
அட்டவணைக் கோப்பைத் தூக்கிப்போட்டேன்.
செபஸ்டின் பதறினான்.
அது கடிதம் இல்லடா, பொருளடக்கம்,
தானே மறுபடி எழுதிக்கும்.

எழுதிக்கொண்டது.
பக்கவாட்டில் இன்பாக்ஸ், அருகே
தடித்த எழுத்தில் முப்பத்தேழு.

"அதெல்லாம் விளம்பரமாத்தான் இருக்கும்மா.
நீங்களே அழிச்சுட்டுப் போயிருங்க."

மீட்கத்தான் சார் கூலி வாங்குறேன்.
அழிக்கிறது உங்க கையால.

ஆயிரத்து எண்ணூறு. பில்லில்
இனிஷியலோடு முழுப்பெயர் எழுதினேன்.
அவர் தொகையை மட்டும் பார்த்தார்.

கேட் வரைக்கும் செபஸ்டின் வந்தான்.
"அக்கா, அது மறுபடி சுருக்கவான்னு கேட்டா?"

முப்பத்தேழையும் ஒரு தடவை திறந்து பாரு.
அப்புறம் ஆமான்னு அழுத்து.
நடுவுல எங்கயாவது
சிரிப்பு வந்தா, சிரிச்சுக்க.